நாலு சக்கரமும் இழுக்கணுமா? - ஒரு சின்ன வேன் கணக்கு

ஜப்பான்காரர் ஒருவர் தீப்பெட்டி மாதிரி இருக்கும் குட்டி வேனை மலைப்பாதையில் ஏற்றுகிறார். ஓடை ஓரமாக நிறுத்துகிறார். பின்கதவைத் தூக்கினால் உள்ளே மெத்தை, மடக்கு மேசை, சின்ன அடுப்பு, மஞ்சள் விளக்கு. மழை பெய்கிறது, அவர் நூடுல்ஸ் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் படம். இதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுப்போன இளைஞர் கூட்டம் தமிழ்நாட்டில் கணிசமாக இருக்கிறது. "மச்சி, இதே மாதிரி ஒரு வண்டி வாங்கி ஜவ்வாது மலைக்குப் போனா எப்படி இருக்கும்?" என்ற கேள்வி டீக்கடை தோறும் கேட்கப்படுகிறது.

கேள்வி நல்ல கேள்விதான். பதில்தான் கொஞ்சம் சிக்கல்.

கணக்குக்காக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல், மணிலா, ஏரிகள், பாறைக் குன்றுகள். கிழக்கே போனால் செஞ்சிக் கோட்டை. மேற்கே திருவண்ணாமலையைத் தாண்டினால் தென்பெண்ணைமேல் சாத்தனூர் அணை. வடமேற்கே போளூர் வழியாக ஏறினால் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். வார இறுதிக்கு இதைவிட நல்ல மையம் கிடைப்பது கஷ்டம். இந்த ஊரில் நாலு நண்பர்கள் காசு சேர்த்து, லேசான கரடுமுரடுப் பாதையில் போய் இரவு தங்கி வர ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் வேன் வாங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்க வேண்டும்?

முதலில் கசப்பான உண்மை

அப்படி ஒரு வண்டி இந்திய ஷோரூமில் இல்லை. சின்ன வேன் இருக்கிறது, அதில் நாலு சக்கர இழுவை இல்லை. நாலு சக்கர இழுவை உள்ள சின்ன வண்டி இருக்கிறது, அது வேன் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் சேல்ஸ்மேன் தலையைச் சொறிவார்.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஜப்பான் வேனும் இங்கே ஓடும் வேனும் ஒரே குடும்பம். 1984-ல் மாருதி வேன் வந்தது. 796 சி.சி. எஞ்சின், முன் சீட்டுக்குக் கீழே. 1988-ல் ஆம்னி என்று பெயர் மாற்றினார்கள். தமிழ் சினிமாவில் ஆள் கடத்துவதற்கென்றே பிறந்த வண்டி :-) நிஜத்தில் ஸ்கூல் பிள்ளைகளையும் ஆம்புலன்ஸ் நோயாளிகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்த வண்டி. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த உடம்பு ஈடுகொடுக்காது என்பதால் 2019-ல் நிறுத்தினார்கள். நடுவில் 2001-ல் வெர்சா வந்தது. அமிதாப்பும் அபிஷேக்கும் சேர்ந்து விளம்பரம் செய்தும் ஓடவில்லை. அதே வெர்சாவின் அலங்காரங்களைக் கழற்றி, விலையைக் குறைத்து, 2010-ல் ஈக்கோ என்று கொண்டுவந்தார்கள். அது ஓடியது, இன்னும் ஓடுகிறது.

வெர்சாவின் மூலம் சுசூகி எவ்ரி குடும்பம். ஜப்பானில் அந்த உடம்பு நாலு சக்கர இழுவையோடும் விற்கப்பட்டது. இங்கே வந்தபோது பின்சக்கர இழுவை மட்டும்தான் வந்தது.

ஜப்பானில் மட்டும் எப்படி?

பலரும் கவனிக்காத விஷயம் இது. ஜப்பானில் அந்த வேனைக் கேம்பிங் போகிறவர்களுக்காகச் செய்யவில்லை. அங்கே 'கெய்' என்று ஒரு குட்டி வாகன வகை உண்டு. எஞ்சின் 660 சி.சி.க்குள், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு. அதை வாங்குகிறவர் விவசாயி, மீன் வியாபாரி, பார்சல் டெலிவரி செய்பவர், குழாய் ரிப்பேர்காரர். வடக்கே பாதி ஊர் பனியில் புதையும். வயலுக்குப் போகும் சேற்றுப்பாதை வேறு. அதனால் நாலு சக்கர இழுவை அவர்களுக்கு ஆடம்பரமில்லை, பிழைப்பு.

பிழைப்புக்காக லட்சக்கணக்கில் விற்றதால் விலை இறங்கியது. பத்து வருஷம் ஓடிய பிறகு செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. அதில்தான் நம் நூடுல்ஸ்காரர் மெத்தை போட்டுக்கொண்டார். ஆக, முதலில் வந்தது வயிற்றுப்பாடு, பிறகுதான் பொழுதுபோக்கு. இலங்கையிலும் இதே கதை. ஜப்பானில் ஓடிய எவ்ரி வேன்கள் கப்பலேறி அங்கே வந்து குடும்ப வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் பழைய வேன்களுக்கு அங்கே இருந்த மவுசை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"அப்போ இங்கேயும் ஒன்றை இறக்குமதி செய்தால்?" என்று யோசிக்க வேண்டாம். மூன்று வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர விதி இடம் கொடுப்பதில்லை. சுங்க வரி வேறு ஆளை விழுங்கும்.

சரி, கையில் இருப்பது என்ன?

ஒன்று, பழைய ஜிப்ஸி. 1985 டிசம்பரில் வந்தது. இரும்பு சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், லோ கியர் உள்ள நாலு சக்கர இழுவை. எடை ஒரு டன்னை ஒட்டித்தான், அதனால் ஆடு மாதிரி எங்கும் ஏறும். ராணுவம், போலீஸ், காட்டு சஃபாரி என்று உழைத்து, பொது விற்பனை 2019 வாக்கில் நின்றது. இன்று கிடைப்பது எல்லாம் பழசு. பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபதிவு, எஃப்.சி. என்று ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டும். பெட்ரோலும் தாராளமாகக் குடிக்கும். பின்னால் நீட்டிப் படுக்க முடியாது. குலுக்கிய குலுக்கலில் இடுப்பு தனியாக வந்துவிடும்.

இரண்டு, ஜிம்னி ஐந்து கதவு. 2023 ஜூனில் 12.74 லட்சம் ஆரம்ப விலையில் வந்தது. 1462 சி.சி., தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், லோ கியர் எல்லாம் உண்டு. மலையேறும் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது வேன் இல்லை. பின்சீட்டை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு 208 லிட்டர்தான் இடம். நாலு பேர் ஏறினால் கூடாரம் மடியில்தான்.

மூன்று, தார் (இன்றைய உருவம் 2020-ல் வந்தது), ஐந்து கதவு ராக்ஸ் (2024), ஃபோர்ஸ் கூர்க்கா. நல்ல வண்டிகள். ஆனால் 'சின்ன' என்ற வார்த்தையையும் 'பட்ஜெட்' என்ற வார்த்தையையும் சேர்த்து மறக்க வேண்டியிருக்கும். தார் வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை: பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள மாடல்களும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அப்பா தம்பி மாதிரி ஒரே சாயல். ஆர்.சி.யையும் கியர் லீவரையும் பார்த்து வாங்கவும்.

நாலு, ஈக்கோ. 1197 சி.சி., நீளம் 3.675 மீட்டர், பின்சக்கர இழுவை, தரை உயரம் 160 மில்லிமீட்டர், 13 அங்குலக் குட்டி டயர். மூக்கு கிட்டத்தட்ட இல்லாத வண்டி என்பதால் நீளத்தில் பெரும்பகுதி ஆளுக்கும் சாமானுக்கும் கிடைக்கிறது.

இப்போது இந்தக் கட்டுரையின் கட்சி என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம். கீழ்பென்னாத்தூரைச் சுற்றி லேசான கேம்பிங் போக நாலு சக்கர இழுவை தேவையில்லை. செகண்ட் ஹேண்ட் ஈக்கோ போதும். மிச்சக் காசை வேறு உருப்படியான வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு.

பி.காம் முதல் வருஷக் கணக்கு

ஷோரூம் விலையை உத்தேசமாக ஜிம்னிக்கு 12.5 லட்சம், புது ஈக்கோவுக்கு 5.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். (வேரியன்டைப் பொறுத்து மாறும். இது கணக்குக்காக மட்டும்.)

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள் இருந்தால் 18 சதம். அதைத் தாண்டினால் 40 சதம். ஜிம்னி 4 மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் 1462 சி.சி. எனவே 40. ஈக்கோ 1197 சி.சி. எனவே 18. மூன்று சி.சி. இடைவெளியில் தப்பித்தது! (சும்மா தப்பவில்லை. 2006-லிருந்தே சின்ன காருக்கு வரிச்சலுகை இந்த அளவுகளை வைத்துத்தான். அதைப் பார்த்தே எஞ்சின் செய்கிறார்கள்.)

அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபடி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதம்.

ஜிம்னி: 12.5 லட்சம் + ஆயுள் வரி 2.25 லட்சம் = 14.75 லட்சம். ஈக்கோ: 5.5 லட்சம் + ஆயுள் வரி சுமார் 0.72 லட்சம் = 6.22 லட்சம். வித்தியாசம் எட்டரை லட்சம் (இன்சூரன்ஸ் சேர்க்காமல்).

இந்த எட்டரை லட்சத்தில் வரி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஜிம்னியின் 12.5 லட்சத்துக்குள் ஜி.எஸ்.டி. சுமார் 3.57 லட்சம். ஆயுள் வரியோடு சேர்த்தால் 5.82 லட்சம். ஈக்கோவில் ஜி.எஸ்.டி. 0.84, ஆயுள் வரியோடு 1.55 லட்சம். வித்தியாசம் 4.27 லட்சம். அதாவது கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் சரிபாதி, வண்டிக்கே போகவில்லை. நாலு சக்கரத்தில் இரண்டு அரசாங்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம் :-)

இனி ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். எட்டரை லட்சத்தை 7 சத வட்டியில் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 60,000 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பயணம், ஒவ்வொன்றிலும் இரண்டு நாள், மொத்தம் பன்னிரண்டு நாள் மண்பாதையில் ஓட்டுவதாக வைத்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நாலு சக்கர இழுவை என்ற வசதிக்கு மட்டும் தினவாடகை 5,000! இது வட்டி மட்டும்தான். பெட்ரோலும் தேய்மானமும் கணக்கில் வரவில்லை. பன்னிரண்டு நாளிலும் சேற்றில் மாட்டி, பன்னிரண்டு தடவையும் பக்கத்து வயலிலிருந்து டிராக்டர் கூப்பிட்டு, டிரைவருக்குக் கைநிறையக் கொடுத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாலும் இந்தக் காசு ஆகாது.

பாதை என்ன கேட்கிறது?

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி போகுமா?

ஜமுனாமரத்தூர் வரை இன்று தார்ச்சாலை. அங்கே அரசு பஸ் போகிறது. பஸ் போகும் இடத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் எதற்கு? சாத்தனூரும் செஞ்சியும் அப்படித்தான். மிச்சம் இருப்பது கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்: ஏரிக்கரைப் பாதை, வண்டிப்பாட்டை, மணிலாக் கொல்லை ஓரம், மாந்தோப்புக்குள் போகும் செம்மண் தடம். இதில் தினமும் யார் போகிறார்கள்? பால்காரர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் போகிறார். குட்டி யானை என்று செல்லப்பெயர் வாங்கிய டாடா ஏஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறது. ஷேர் ஆட்டோ போகிறது. இதில் எதிலும் நாலு சக்கர இழுவை கிடையாது.

லேசான கரடுமுரடில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் இழுவை இல்லை. அடிவயிறு கல்லில் தட்டுவது, வழுக்கை டயர், ஓட்டுகிறவரின் அவசரம், இந்த மூன்றும்தான். ஈக்கோவுக்கும் ஜிம்னிக்கும் தரை உயரத்தில் வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர். அந்த ஐந்து சென்டிமீட்டரை இறங்கி நின்று கல்லைப் பார்த்து, சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி ஓட்டினால் பாதி சரிக்கட்டலாம். ஈக்கோவில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுக்கும் சக்கரம் பின்னால். சாமானும் ஆளும் பின்னால் இருந்தால் எடை இழுக்கும் சக்கரத்தின் மேல் உட்காரும், பிடிப்பு கூடும்.

நாலு சக்கர இழுவை செய்வது என்ன? சறுக்கும் இடத்தில் எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நாலு சக்கரத்துக்குப் பங்கிடுகிறது. லோ கியர் இருந்தால் செங்குத்தில் மெதுவாக, வலுவாக ஏறலாம், பிரேக் மிதிக்காமல் இறங்கலாம். உபயோகமானதுதான். ஆனால் அது தரை உயரத்தைக் கூட்டாது, வழுக்கை டயருக்குப் பல் முளைக்க வைக்காது, பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. ஊரில் ஒரு பேச்சு உண்டு: டூ வீல் டிரைவ் ரோட்டோரம் மாட்டும், ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரே வர முடியாத இடத்தில் போய் மாட்டும்.

மழைக்காலம்? நியாயமான கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி வண்டல் சோப்பு மாதிரி வழுக்கும். அப்போது ஈக்கோ நிச்சயம் தடுமாறும். அதற்குப் பதில், அப்போது போகாதீர்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. அந்த மாதிரி இரவில் மலையடியிலோ ஆற்றுமணலிலோ வண்டி நிறுத்தித் தூங்க எந்த டிரைவும் காப்பாற்றாது.

"வாங்கி மாத்திக்கலாம்ல?"

எல்லா ஊரிலும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். "தம்பி, ஜிப்ஸி ஆக்ஸில தூக்கி ஈக்கோல மாட்டித் தரேன்" என்பார். திறமையில் சந்தேகமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி.யில் ஒன்று, ரோட்டில் வேறொன்று என்றால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். சீட்டை நிரந்தரமாகக் கழற்றி மரக்கட்டில் அடிப்பதும் இதே வம்புதான்.

எனவே கழற்றி மாட்டும் ஏற்பாடுதான் சரி. பின்சீட்டு முழுதாக மடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிளைவுட் பலகை இரண்டு, அதற்குக் கால், மேலே இலவம்பஞ்சு மெத்தை. திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் கழற்றி வைத்தால் வண்டி மறுபடி வீட்டுக்காரர் வண்டி. கல்யாணத்துக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், மணிலா மூட்டை ஏற்றும். வருஷத்தில் பன்னிரண்டு நாள் கேம்பிங் என்றால் மிச்சம் 353 நாள் அது என்ன செய்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கீழே படுத்துப் பாருங்கள். ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்துக்குக் கீழே, சக்கர வளைவுகளில் துரு இருக்கிறதா? புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆடுகிறதா? வண்டி கிளம்பும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதா? பள்ளிக்கூட டிரிப் ஓடிய வண்டி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். சி.என்.ஜி. வண்டி சிக்கனம், ஆனால் சிலிண்டர் பின்னால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், படுக்கை போட முடியாது. சரக்கு ஏற்றும் கார்கோ மாடலை 'இடம் நிறைய' என்று வாங்கிவிடாதீர்கள். அதில் ஆள் ஏற்றிப் போவது சட்டப்படி தப்பு.

வாங்கியதும் முதல் செலவு டயர். கம்பெனி சொன்ன அளவிலேயே நாலும் புதுசு, ஸ்டெப்னி சேர்த்து. அடுத்து காற்றடிக்கும் பம்பு: மண்ணில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும், தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். மண்வெட்டி ஒன்று, கோணிச்சாக்கு நாலு, தடித்த நைலான் கயிறு ஒன்று. சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல், முன்னால் மண்ணை வெட்டி, சாக்கையோ தென்னை மட்டையையோ திணித்து மெல்ல எடுங்கள். தாத்தா காலத்து மாட்டுவண்டி டெக்னிக்.

சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே. ஏ.சி. போட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகை உள்ளே வந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். கொசுவலை அவசியம். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை வழியாகப் போகத் திட்டம் போடாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் எந்த வேனும் நகராது.

ஈக்கோவின் குறையையும் சொல்லிவிடுவது நியாயம். 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஈக்கோவுக்குப் பூஜ்ஜியம் ஸ்டார். இப்போது வரும் வண்டிகளில் ஏர்பேக் உண்டு. பழைய வண்டி வாங்கினால் ஏர்பேக், ஏ.பி.எஸ். வந்த பிறகு செய்யப்பட்ட மாடலாகத் தேடுங்கள். மூக்கு இல்லாத வண்டியில் 80-க்கு மேல் விரட்டுவது வீரம் இல்லை. இந்தக் குறைதான் ஈக்கோ கட்சிக்கு எதிரான வலுவான வாதம். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி வேண்டாம் என்பதே சரி.

எங்கே தூங்குவது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வண்டி எந்த வண்டி என்பது பிரச்சினையே இல்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளோடு முறையான மலையேற்றத் திட்டம் தொடங்கியது. நடக்க ஆசை என்றால் அந்த வழி இருக்கிறது.

வேனில் தூங்க ஆசை என்றால் பட்டா நிலம்தான் நல்லது. "அண்ணா, ராத்திரிக்கு இங்க வண்டிய நிறுத்திக்கலாமா?" என்று தோப்புக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார், கூடவே மோட்டார் கொட்டகையில் தண்ணீரும் பிடித்துக்கொள்ளச் சொல்வார். காலையில் குப்பையை அள்ளிக்கொண்டு வந்தால் அடுத்த முறையும் இடம் உண்டு. பெரிய டயர் வண்டியில் ஏரிக்கரையைக் கிழித்துக்கொண்டு போனால் கரை கரைவது ஊர்க்காரருக்கு, போட்டோ உங்களுக்கு. அந்தக் கரையை நம்பித்தான் கீழே நெல் நட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த வேன் யாருக்கு வேண்டும்?

இந்தக் கணக்கு முழுவதும் வருஷத்தில் பன்னிரண்டு நாள் மண்பாதையில் போகிறவருக்கு. 365 நாளும் மண்பாதையிலேயே இருக்கிறவருக்கு?

2023 மே மாதம், ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் மலைமேல் போக முடியாமல் பாதியில் இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். பேப்பரில் எல்லோரும் படித்ததுதான். அதற்குப் பிறகு சாலை பற்றிப் பேச்சு வந்தது. சாலைதான் முதல் தேவை, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு மலைச்சாலைக்கு வனத்துறை அனுமதி, டெண்டர், வேலை என்று வருஷங்கள் ஆகின்றன. போட்ட சாலையும் ஒரு மழையில் அரித்துப்போகிறது. அந்த வருஷங்களில் அந்த மண்தடத்தில் ஏற ஒரு சின்ன, மலிவான, நாலு சக்கரமும் இழுக்கும், ஒரு ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய வேன் இருந்தால் எப்படி இருக்கும்?

ஈக்கோ ஆம்புலன்ஸ் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஆனால் பின்சக்கர இழுவையில்தான். வரி இங்கே தடையும் இல்லை. 18 சத வரிக்கு நீளத்தையும் சி.சி.யையும்தான் பார்க்கிறார்கள், எத்தனை சக்கரம் இழுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தொழில்நுட்பமும் தடை இல்லை, அதே சுசூகிக் குடும்பம் ஜப்பானில் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. இந்தியாவில் செய்யப்படும் ஐந்து கதவு ஜிம்னி 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானபோது சில நாளில் 50,000 பேர் கேட்டு, புக்கிங்கையே நிறுத்தி வைத்தார்கள். நாலு சக்கர இழுவை வண்டியை இங்கே செய்து அங்கே அனுப்பத் தெரிகிறது. சந்தை இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும்தான் தடை.

சந்தை இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. சுகாதாரத்துறைக்கு வேண்டும், வனத்துறைக்கு வேண்டும், மலை கிராமத்துக்கு ரேஷன் ஏற்ற வேண்டும், பள்ளிப் பிள்ளைகளை இறக்க வேண்டும், சாமையும் புளியும் பலாவும் கீழே கொண்டுவர வேண்டும். ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, சத்தியமங்கலம், நீலகிரி. தமிழ்நாட்டில் மட்டும் இவ்வளவு. வடகிழக்கு, உத்தராகண்ட், இமாச்சல் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. அரசு மொத்தமாக ஒரு ஆர்டர் கொடுத்தால் கம்பெனிக்குத் தைரியம் வரும். ஜப்பானில் விவசாயி செய்ததை இங்கே அரசுக் கொள்முதல் செய்யலாம்.

அப்படி ஒரு வேன் வந்தால் பத்து வருஷம் மலையில் உழைத்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் கீழ்பென்னாத்தூருக்கு வரட்டும். அப்போது அதில் மெத்தை போட்டு, விளக்கு மாட்டி, நூடுல்ஸ் கிண்டலாம். வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அதுவரை நல்ல டயர் போட்ட ஈக்கோ, நாலு கோணிச்சாக்கு, ஒரு மண்வெட்டி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மிச்ச தூரம் நடக்க இரண்டு கால்.